பின்சீட்டில் ஆள் ஏறட்டும்

டயர்க் கடைக்காரரிடம் அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு என் காரைப் பற்றித்தான். டயர் மொட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவன் காதில் விழும்படி சொன்னது என் தப்பு. மறுநாளே டயர் மாட்டிய நான்கு அலாய் வீல்களோடு வந்து நின்றான். என் கணவர் இறந்த பிறகு வீட்டை விற்றது அவன். மகள் என்ன படிக்க வேண்டும் என்று சொன்னதும் அவன். பாசம்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டே இருந்தேன். மிச்சமிருப்பது நான் வாடகைக்கு ஓட்டும் இந்தக் கார். இதையும் விட்டுக்கொடுத்தால் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"இது ஒரு சைஸ் பெருசு. போட்டா வண்டி கெத்தா இருக்கும் சார்," என்றார் கடைக்காரர்.

"ஓட்டுறது நான்," என்றேன். இரண்டு பேரும் திரும்பவில்லை.

மாட்டி முடித்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கடைக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டினார். எங்கேயும் உரசவில்லை. காலி வண்டியில் எப்படி உரசும்? நான் ஆஸ்பத்திரி சவாரி ஓட்டுகிறவள். நோயாளியோடு பாதிக் குடும்பமும் பின்னால் ஏறிக்கொள்ளும்.

"அண்ணே, பின்னாடி ஏறு. நீங்களும் ஏறுங்க," என்று கடைக்காரரையும் கூப்பிட்டேன். பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரிய உடம்புக்காரரையும் கெஞ்சி ஏற்றினேன். தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பின்னால் கர்ரென்று ஒரு சத்தம். டயர் மட்கார்டைக் கடித்தது.

"உள்ள தகரத்தைத் தட்டி மடக்கிட்டா சரியாயிடும்," என்றான் அண்ணன்.

"தட்ட வேணாம். கழட்டச் சொல்லு."

"பாப்பா, உன் நல்லதுக்குத்தானே..."

நாற்பது தாண்டியும் நான் பாப்பா. "தெரியும்ணே. ஆனா இது என் காரு." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

கடைக்குத் திரும்பி, கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் டயர் அளவைக் காட்டினேன். "இதே சைஸ்ல புது டயர். என் பழைய இரும்பு வீல்லயே மாட்டுங்க." கடைக்காரர் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? சாவி என்கிட்ட இருக்கு."

புது டயர்கள் பந்தா இல்லாமல், கருகருவென்று ஏறி உட்கார்ந்தன. அதற்குள் அண்ணனின் வீல்களில் மூன்றை டிக்கியில் அடுக்கியிருந்தேன். நான்காவது கொள்ளவில்லை.

அண்ணன் வழக்கம்போல டிரைவர் கதவருகே வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சாவிக்காகக் கையை நீட்டினான். நான் அவனைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவன் மறுபக்கம் போய் முன் கதவைத் திறந்தான். அங்கே நான்காவது வீல் சீட் பெல்ட் போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"நான் எங்க உக்கார்றது?"

பின்னால் சாய்ந்து எட்டி, அவன் பக்கத்துப் பின்கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கண்ணாடியில் காலியான பின்சீட்டும், திறந்த கதவும், கதவின் மேல் வைத்த அவன் கையும் தெரிந்தன.