குறைந்த உப்பு

சாயப்பட்டறைக் கழிவுநீரில் சாயமும் இருக்கும், உப்பும் இருக்கும். ரெசின் என்ற செயற்கைப் பிசினால் ஆன சிறு மணிகள் சாயத்தைப் பிடித்துக்கொண்டு உப்பை அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். இதைச் சோதிக்க, ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்றில் மணிகளை நிரப்பி, பட்டறையின் கெமிஸ்ட் பல மாதமாக மல்லுக்கட்டினாள். தண்ணீர் தெள்ளத் தெளிவாக வந்தது. கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லைதான்.

இன்று பட்டறை முழுவதற்கும் இதே மணிகள் நிரப்பிய பெரிய தொட்டிகளை வாங்க மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார். "அந்த உப்புத் தண்ணியத் திரும்பச் சாயம் போட எடுத்துக்கலாமான்னு பாத்துச் சொல்லும்மா" என்று காலையில் கேட்டார். அதனால்தான் முதல்முறையாக உப்பு மீட்டரை முக்கிப் பார்த்தாள். உள்ளே போன உப்பில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வந்த தண்ணீரில் இல்லை. மீட்டரைத் திட்டினாள், கழுவினாள், மறுபடி முக்கினாள். அதேதான். ரெசின் உப்பைத் தின்னாது. நல்ல தண்ணீரை ஊற்றினால்தான் இப்படிக் குறையும்.

சோதனைக்கு மாதிரித் தண்ணீர் பிடித்துக் கொடுப்பவன் அவளுடைய சொந்த அண்ணன். பம்ப் ஆபரேட்டர், வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"அண்ணே, இதுல என்ன கலந்தே?"

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோர்வையாகப் பொய் சொல்ல வராது.

"குழாய்த் தண்ணிதான் பாப்பா. விஷமா கலந்தேன்?"

"எப்போலேருந்து?"

"ஆரம்பத்துல ஒரு நாள் டீ மாதிரி வந்துச்சே, அதுலேருந்து. நீ சொன்ன மாதிரியே மணிய அலசினேன். மறுநாளும் அதே டீதான். மொத நாளே நீ ஒரு வாய் சாப்பிடாம படுத்துட்டே. எனக்கு மனசு கேக்கல."

அவள் வாங்கிய பாராட்டெல்லாம் குழாய்த் தண்ணீர். கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. பெரிய தொட்டிகளுக்குக் கலக்க எந்தக் குழாயும் போதாது. சாயம் நேராக வாய்க்காலுக்குத்தான் போகும்.

"நான் போய்ச் சொல்லப் போறேன்."

"சொல்லு. நானும் வரேன். நான்தான் செஞ்சேன்னு நானே சொல்றேன்."

இருவரும் அறைக்குள் போனபோது மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ரெசின் வேலை செய்யல சார். தண்ணி கலந்ததாலதான் தெளிவா இருந்துச்சு."

அவர் பேனாவை மூடினார். "யாரு கலந்தது?"

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அவன் ஒருவனை நம்பித்தான் இருந்தார்கள்.

"நான்தான் சார்" என்றாள்.

இப்போதாவது அண்ணன் வாயைத் திறப்பான் என்று மனசு அடித்துக்கொண்டது.

மேனேஜர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "லேப் சாவிய உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பும்மா."

அண்ணன் கையை நீட்டினான்.