ராபின்சன் சாரின் மூன்றாவது வம்ச சரித்திரம்

ராபின்சன் சாருடைய குடும்பத்துக்கு அதுவரை இரண்டு வம்ச சரித்திரங்கள் இருந்தன. இரண்டையும் அவரே எழுதியிருந்தார்.

முதலாவது, வெள்ளைக்காரன் கப்பலேறும்வரை செல்லுபடியானது. அதன்படி அவருடைய தாத்தாவின் இரத்தத்தில், இங்கிலாந்தில் டெவன் என்கிற கடலோரச் சீமையின் உப்புக்காற்று கலந்திருந்தது. நடந்தது வேறு. அந்தச் சீமையிலிருந்து ராபின்சன் என்கிற ஒரு அம்மாள், மிஷன் போர்டிங்கில் சிறுபிள்ளையாக இருந்த அந்தத் தாத்தாவின் கஞ்சிக்கு உதவி அனுப்பியிருந்தாள். நன்றிக்கு அவள் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்கள். மிஷன் ஊர்களில் கஞ்சி கொடுத்தவர் பெயர் குடித்தவரோடு ஒட்டிக்கொள்வது வழக்கம்தான்.

இரண்டாவது சரித்திரம், மூத்த மகள் ஜெயபாயை நெய்யாற்றின்கரையில் மலையாளம் பேசுகிற வீட்டில் கட்டிக்கொடுத்தபோது எழுதியது. அதன்படி குடும்பம் ஆதியிலேயே அந்தப் பக்கத்துப் பெருங்கடவிளைக்காரர்கள், பிறந்த பிள்ளை அழுவதுகூட மலையாளத்தில். இதை அவர் ஒரே மத்தியானத்தில், ஒரு ஆதாரமும் இல்லாமல் எழுதி முடித்தார்.

மூன்றாவதற்கு இப்போது தேவை வந்திருந்தது. வருஷம் ஐம்பத்தைந்து. பாறசாலை யாருக்கு, நெய்யாற்றின்கரை யாருக்கு, தமிழருக்கா மலையாளிக்கா என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். இளைய மகள் சுகிர்தபாய்க்கு இருபத்தேழு வயது. மூன்று சம்பந்தங்கள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டன. நாலாவதாக வந்தவன் எலியா, குழித்துறைப் பக்கம் வாத்தியார். சபையின் கன்வென்ஷன் பந்தலில் அவன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இவன் இல்லையென்றால் இனி ஒருத்தனும் வேண்டாம் என்று தீர்மானித்திருந்ததையும் சொல்லவில்லை. அவள் பொதுவாக எதையுமே சொல்லுகிறவள் அல்ல.

எலியாவால் ஒரு தடையும் இல்லை. தடை அவனுடைய அப்பா ராஜையா. அவர், அந்த ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கிற எல்லைக் கமிட்டியின் செயலாளர்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது வெளிப்பட்டது. ராபின்சன் சார் உள்ளே பார்த்து, "எடி சுகிர்தம், சாயா கொண்டு வா" என்றார். ராஜையாவின் முகம் சுருங்கியது.

"சாயாவா? தமிழன் வீட்டில தேயிலைத் தண்ணி இல்லியா சார்?"

"உண்டு, உண்டு. எடி, அந்தச் சாயாவ தேயிலைத் தண்ணியா கொண்டு வா."

ராஜையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் பச்சையா பறையுதேன், மனசு வெஷமிக்காதீங்க. கமிட்டியில ஆளுவ ஒருமாதிரி சம்சாரிக்குது. செயலாளருக்க மருமொவ மலையாளத்தியான்னு கேக்கானுவ. ஒங்க பூர்வீகம் தமிழுதான்னு எனக்கு எழுத்தில ஒரு தெளிவு வேணும் ஆக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்ற சுகிர்தபாய், அந்தத் தமிழ்ப்பற்றில் மலையாளம் எவ்வளவு என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தாள். தமிழுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

"நம்ம சபைப் புஸ்தகம் இருக்கில்லா! அதில எல்லாம் காணும்" என்றார் ராபின்சன் சார்.

"அப்போ சந்தோசம். எனக்க பூட்டன் எலியாவும் அந்தச் சபையில ஞானஸ்நானம் எடுத்தவராக்கும். பெறவுதான் ஆத்துக்கு அந்தப்பக்கம் போனோம். அவருக்க பேரத்தான் மொவனுக்கு இட்டிருக்கேன். அசல் தமிழன். ஒங்க தெளிவு கிட்டினா கல்யாணம், இல்லேங்கி இதோட மதி."

மறுநாள் காலையில் அப்பாவும் மகளும் ஆலயத்துக்குப் போனார்கள். ஆலயத்தைக் கூட்டித் திறந்து பூட்டுகிற வேதமாணிக்கம், பின்னறையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்து பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துத் தட்டினார். ராபின்சன் சாருக்குக் கண்ணில் புரை. அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், "எழுத்து மங்கிப்போச்சு, எனக்க பூட்டன் யோசுவா பேர நீ வாசி" என்று மகளிடம் தள்ளினார்.

புள்ளி வைக்காத பழைய கையெழுத்து. சுகிர்தபாய் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். "ப... ண்... டி... யோசுவா."

"பாண்டி!" ராபின்சன் சார் துள்ளினார். "பாண்டி யோசுவா! எனக்க பூட்டன் பாண்டி நாட்டிலேருந்து வந்தவராக்கும்!"

திருவனந்தபுரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் தன்னைத் தமிழனென்று இளக்காரமாகப் 'பாண்டி' என்று சொல்லிவிட்டான் என்பதற்காக, பாதி வழியில் இறங்கி எட்டு மைல் நடந்து வந்தவர் அவர். இப்போது அதே வார்த்தைக்காகக் கண்ணீர் விட்டு ஆண்டவரைத் துதித்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் சொல்ல வெளியே ஓடினார்.

வேதமாணிக்கம் புத்தகத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மக்கா, பாண்டிக்குத் துணைக்கால் எங்க? அது பண்டியாக்கும். பண்டின்னா வயிறு. நல்ல பெருவயிறனா இருந்திருப்பாரு."

சுகிர்தபாய் மீதியை வாசித்தாள். 'பண்டி யோசுவா. ஊர்: பெருங்கடவிளை. பாஷை: மலையாளம் மாத்திரம். வந்த காரணம்: கஞ்சி.' அப்பா கற்பனையில் எழுதிய இரண்டாவது சரித்திரம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. எலியா கையை விட்டுப் போய்விட்டான் என்றே நினைத்தாள். புத்தகத்தை மூடப் போகையில்தான் அதற்கு அடுத்த வரி கண்ணில் பட்டது. அதை இரண்டு முறை வாசித்தாள். புத்தகத்தை மூடி வேதமாணிக்கத்திடம் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் மூன்றாவது சரித்திரம் எட்டுப் பக்கத்தில் தயாரானது. அப்பா சொல்லச் சொல்ல சுகிர்தபாய் எழுதினாள். பூட்டனின் பெயர் வரும் இடத்தில் மட்டும், "அப்பா, புஸ்தகத்தில கால் இல்ல" என்றாள். "காலு இல்லாமலா பாண்டியிலேருந்து நடந்து வந்தாரு? இடு" என்றார் அவர். அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். அப்பாவின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

ராஜையா வந்தார். சரித்திரத்தை ராபின்சன் சார் மனப்பாடமாகவே ஒப்பித்தார். ராஜையா பூரித்துப்போனார்.

"சார், இத கவர்மெண்டுக்குக் குடுக்குத நம்ம மகஜரோட சேக்கணும். அதுக்கு முன்ன மூலத்த எனக்க கண்ணால ஒருதடவ பாத்திருதேன். வாங்க, ஆலயத்துக்கு."

ராபின்சன் சார் உற்சாகமாக முன்னால் நடந்தார். சுகிர்தபாய் பேனாவையும் எட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ராஜையாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். அவர் வாசித்தார், நிமிர்ந்தார்.

"பண்டியா? கஞ்சிக்கு வந்தவனா? மலையாளம் மாத்திரமா?" குரல் ஆலயமெங்கும் எதிரொலித்தது. "சார், என்ன ஏமாத்திப் பற்றிச்சிட்டீருல்லா! இந்தக் கல்யாணம் நடக்காது. நீங்க கேரளத்திலேயே மாப்பிள்ள தேடுங்க."

ராபின்சன் சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ராஜையா செருப்பை மாட்டப் போனார்.

"மாமா" என்றாள் சுகிர்தபாய். அவள் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. "அடுத்த வரியையும் வாசிச்சிட்டுப் போங்க."

"அது என்னத்துக்கு?"

"அது ஒங்க பூட்டனாக்கும்."

ராஜையா திரும்பி வந்து குனிந்தார். சோம்பேறியான சபை உபதேசியார் யாரோ எழுதிய வரி. முதலில் சத்தமாகத் தொடங்கி, போகப்போகக் குரல் இறங்கி வாசித்தார்.

"எலியா. ஊர்: மேற்படி. பாஷை: மேற்படி. வந்த காரணம்... மேற்படி."

"வயிறு?" என்றார் வேதமாணிக்கம்.

"சும்மா கெட, எலே!"

ராஜையா சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"சார், பாஷைன்னு அங்க எழுதியிருக்கது, அந்த உபதேசியாரு சரியா வெளங்காம எழுதினதாக்கும். அந்தக் காலத்துத் தமிழ் அப்படித்தான் இருக்கும். பின்ன அந்தக் கால்... பாவம், அவசரத்தில விட்டிருப்பாரு."

"அதத்தானே நானும் சொன்னேன்!" என்று ராபின்சன் சார் எழுந்தார்.

"மக்கா, நீ எழுதின பேப்பரில அந்த ஒரு கால இட்டிரு. எனக்க பூட்டனும் மேற்படி பாண்டின்னு சேத்து எழுது."

"எழுதுதேன் மாமா. பேப்பரில மட்டும்தான், சபைப் புஸ்தகத்தில நான் பேனா வைக்கமாட்டேன்" என்றாள் சுகிர்தபாய். வேதமாணிக்கத்தின் அலமாரியிலிருந்து கல்யாண அறிவிப்பு நோட்டை எடுத்து ராஜையா முன்னால் விரித்தாள். "அதுக்கு முன்ன இதில தேதிய எழுதி ஒப்பு இடுங்க. ஞாயித்துக்கெழம ஆராதனையில மொதல் அறிவிப்பு வாசிக்கட்டு."

"நாள ஆலோசிச்சு..."

"ஆலோசிங்க மாமா." சபைப் புத்தகத்தை அவர் கைக்கடியிலிருந்து இழுத்து விரித்தாள். "அதுவரைக்கும் இந்தப் புஸ்தகம் தொறந்தே இருக்கட்டு."

ராஜையா எழுதினார், அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று. அதன்கீழ் கமிட்டிச் செயலாளருக்குரிய கம்பீரத்தோடு இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார்.

மை காயும்வரை சுகிர்தபாய் காத்திருந்தாள். பிறகு பேனாவை வாங்கி, எட்டுப் பக்கத்தில் விட்டிருந்த அந்தக் காலை இட்டாள்.