ஆமைத்தொட்டியில் எண்ணெய்

ஐம்பத்தெட்டாம் வருஷம் தவக்காலத்தில் அருள்நாதனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போனதோடு பேச்சும் போயிற்று. பொன்மலை ரயில்வே பட்டறையில் இருபத்தாறு வருஷம் பிட்டர் வேலை பார்த்த மனுஷன், அதற்குப் பிறகு பாலக்கரை வீட்டின் கொல்லைக் கதவோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. தூக்கி உட்கார வைக்க, ஊட்டிவிட, துடைத்துவிட எல்லாவற்றுக்கும் அவர் மனைவி லூர்து ஒருத்திதான்.

கொல்லையில் அவர் கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு ஆமைகள். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த ஒரு வருஷம், கரைச் சேற்றில் கிடந்தவற்றைச் சாக்கில் போட்டு சைக்கிளில் கொண்டுவந்தார். தெருவே முகம் சுளித்தது. லூர்துவுக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் இப்போது எதைக் காட்டினாலும் திரும்பாத அவர் கண்கள், ஆமை தலை தூக்கினால் மட்டும் திரும்பின. அதனால் மீன் குடலும் கீரைத்தண்டும் போட்டு அவளே வளர்த்தாள்.

அந்தக் கோடையில் கிணறு தரை தட்டியது. குடிக்கவே வாளி வாளியாகக் காத்திருந்து இறைக்க வேண்டியிருந்ததால், தொட்டித் தண்ணீரை மாற்ற முடியவில்லை. மீந்த குடல் அழுகித் தண்ணீர் பச்சையாயிற்று. ஒரு நாள் காலை குனிந்து பார்த்தாள். கொசுப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் நிழல் பட்டதும் நெளிந்து கீழே போயின. அவள் விலகுமுன் மேலே வந்துவிட்டன.

அன்று சாயங்காலம் கணவரின் வலது கையில் கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு உறைக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்து பழைய வேட்டித் துணியால் தண்ணீரை அரித்தாள். மறுநாள் அதைவிட அதிகமாக இருந்தது. தொட்டி கட்டும்போது உடன் நின்ற கொத்தனார் பிச்சமுத்துவிடம் போய் நின்றாள்.

"உய்யக்கொண்டான் வாய்க்கால்ல பொடிமீன் கிடக்குங்கம்மா. புழுவை ஒண்ணுவிடாம தின்னுரும்" என்றான். மறுநாளே ஒரு பானை நிறையக் கொண்டுவந்து விட்டான்.

மீன்கள் புழுவைத் தின்னத்தான் செய்தன. அவற்றை ஆமைகள் தின்றன. பெரிய ஆமை கல்லைப் போல அசையாமல் கிடந்து, பக்கத்தில் வந்ததை லபக்கென்று பிடித்தது. மதியத்துக்குள் பாதி காலி. லூர்து தலையில் கைவைத்து நின்றபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். அருள்நாதன் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, தோள் குலுங்கச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் பிச்சமுத்துவை மீன் கொண்டுவரச் சொன்னாள். புழு குறையாது என்று அவளுக்குத் தெரியும்.

மே மாதம் பக்கத்து வீட்டு சாரா பீவி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, ஒம்பது நாளா மகளுக்குக் காய்ச்சல். கால்ல நெறி கட்டியிருக்கு. டாக்டர், கொசுக்கடிதான்ங்கிறாரு. ஒங்களைக் குத்தம் சொல்லலை. வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலை."

"நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன் சாரா."

"எங்க அத்தா முனிசிபல் ஆபீஸ்ல தொட்டியைப் பத்தி எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. நான் வேணாம்னுதான் சொன்னேன்." அவள் கண் கலங்கியிருந்தது. லூர்துவுக்குக் கோபப்பட இடமே இல்லை.

திங்கட்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டரும், எண்ணெய் டின் சுமந்த சின்னையா என்ற ஆளும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தெருவுல ஏழு பேருக்கு யானைக்கால் காய்ச்சல்ங்க. இதை விட்டுட்டுப் போக முடியாது. ஆமையை எடுத்துருங்க, எண்ணெய் ஊத்திடறோம்."

லூர்து புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். சின்ன ஆமை உடனே அகப்பட்டது. பெரியதைக் காணோம். வெக்கைக்குச் சேற்றில் புதைந்திருந்தது போலும். முழங்கைவரை விட்டுத் துழாவினாள். சின்னையாவும் கம்பால் குத்திப் பார்த்தான். அரைமணி நேரம் போயிற்று.

"இன்னும் நாற்பது வீடு இருக்குங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது, வெயிலில் அவ்வளவு நேரம் காத்துத்தான் நின்றார். "எங்கேயாவது ஏறிப் போயிருக்கும்."

சின்னையா டின்னைச் சாய்த்தான். கறுப்பு எண்ணெய் விரிந்து தொட்டியை மூடியது. நாற்காலியிலிருந்து அருள்நாதன் ஏதோ சொல்ல முயன்றார். "ம்... ம்..." என்பதற்கு மேல் வரவில்லை. இடது கையை நீட்டித் தொட்டியின் ஒரு மூலையைக் காட்டினார். அவள் ஓடிப் போய் அந்த மூலையில் கைவிட்டபோது எண்ணெயும் சேறும்தான் வந்தன.

மறுநாள் பெரிய ஆமை மேலே வந்தது. கண்ணெல்லாம் எண்ணெய் அப்பி, வாயைத் திறந்து திறந்து மூடியது. சீயக்காய்த் தண்ணீரில் மூன்று முறை கழுவினாள். அவர் பார்க்க வேண்டாமென்று நாற்காலியைத் திருப்பப் போனாள். அவர் இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் பார்த்திருக்க, அது மதியத்துக்கு மேல் செத்தது.

சின்னதை வைத்திருக்க இடமில்லை. பையில் போட்டு பஸ்ஸேறி ஸ்ரீரங்கம் போய், கொள்ளிடத்து மணலில் நடந்தாள். அங்கங்கே குட்டை குட்டையாகத்தான் தண்ணீர் கிடந்தது. ஒரு குட்டையில் விட்டாள். கொஞ்ச தூரத்தில் இரண்டு பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அதை மறுபடி எடுப்பதா விடுவதா என்று நின்று பார்த்தாள். ஆமை அதற்குள் கலங்கலில் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னாள்: "ஆத்துல விட்டுட்டேங்க. தண்ணி இருக்கு." அவர் அவளையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாரா பீவியின் மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்திருந்தது. தெருச் சாக்கடை அப்படியேதான் தேங்கிக் கிடந்தது. ஆறு மணிக்கெல்லாம் கொசு வந்துவிட்டது, முன்பு வந்ததைப் போலவே. லூர்து சட்டியில் வேப்பிலைப் புகை போட்டாள். புகையில் அவருக்கு இருமல் பிடித்தது. நிற்காமல் இருமினார். தண்ணீர் தெளித்துப் புகையை அணைத்தாள்.