மூடியைத் திறக்காதீங்க, மாப்பிள்ளை

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் நெருப்புக்குப் பயப்படாத ஆட்கள் எல்லோரும் என் சமையலுக்குப் பயந்தார்கள். ஆளுக்கு ஒரு வாரம் சமையல் முறை. என் வாரம் வந்துவிட்டால் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து டப்பா வந்துவிடும். நான் வண்டி ஓட்டுகிறவன். தண்ணீர் வண்டியைக் குறுகலான சந்துக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னால் அலட்டிக்கொள்ளாமல் செய்வேன். ஒரு பாத்திரத்தில் உப்புப் போடச் சொன்னால்தான் எவ்வளவு என்று நாலு பேரைக் கேட்பேன்.

அப்படிப்பட்ட என் தலையில் கினோவாவைக் கட்டியவள் என் மனைவி. காரணம், அவளுடைய அண்ணன்.

அண்ணன் என்றால் எனக்கு மச்சான். அதே நிலையத்தில்தான் அவருக்கும் வேலை. நிலையத்தில் அவர் பெயர் பீரங்கி. குரலுக்காக வைத்த பெயர், நாளாவட்டத்தில் வயிற்றுக்கும் பொருந்திப்போனது. எந்த ஏணியாக இருந்தாலும் முதலில் ஏறுவது அவர்தான். அவரை விட்டால் வேறு யாரும் முதலில் ஏறி எங்களுக்குப் பழக்கமும் இல்லை. போன வருடத் தகுதித் தேர்வில் ஆபீசர் அவரை எச்சரித்து விட்டுவிட்டார். இந்த வருடம் விடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் உச்சிவரை நிற்காமல் ஏற வேண்டும், எடையும் சொன்ன எல்லைக்குள் வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வண்டியில் இடம் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான்.

மச்சானைப் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதும் ஒன்று, அவரை வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்று. எனக்கே அது பொறுக்கவில்லை. என் மனைவியைக் கேட்கவே வேண்டாம். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்கு வரும் டாக்டர்களையெல்லாம் பிடித்துத் துளைத்தெடுத்துவிட்டு ஒருநாள் பெரிய பையோடு வந்து நின்றாள். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளுத்த நிறத்தில் ஒரு தானியம். அதுதான் கினோவா. புரதம் இருக்கிறதாம், நார்ச்சத்து இருக்கிறதாம், அளவாகச் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்காதாம்.

"வீட்டுல அண்ணி பாத்துக்குவாங்க. ஸ்டேஷன்ல நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். எனக்குச் சமைக்கத் தெரியாதே என்று இழுத்தேன். தெரியாதவர்கள்தான் சொன்னபடி செய்வார்கள் என்றாள். அவளிடம் வாய் கொடுத்து நான் மீண்டதாக வரலாறு இல்லை.

தேர்வு முடியும்வரை எல்லோருடைய முறையையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று நிலையத்தில் அறிவித்தேன். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பாத்திரம் கழுவுவதும் நானே என்று சொன்ன பிறகுதான் அரைமனதாகத் தலையாட்டினார்கள்.

முதல் நாள் அரிசி களையும் சல்லடையில் கினோவாவைக் கொட்டித் தண்ணீரைத் திறந்தேன். பாதி ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போய்விட்டது. மீதியாவது மிஞ்சட்டும் என்று கழுவாமலே அடுப்பில் ஏற்றினேன். எங்களில் ஒல்லி என்று ஒருவன், என்ன கொடுத்தாலும் தின்கிறவன், ஒரு வாய் வைத்துவிட்டு, "சோப்புத் தண்ணில வேகவெச்சீங்களா?" என்று கேட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தானியத்தின் மேல் கசப்பு ஒட்டிக்கொண்டிருக்குமாம், நுரை நிற்கும்வரை தேய்த்துக் கழுவ வேண்டுமாம். மனைவி அதை முன்பே சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த முறை மெல்லிய துணியில் கட்டித் தேய்த்துக் கழுவினேன். கசப்பு போனது, களி வந்தது. அதற்கடுத்த முறையும் களி. அடி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் நிமிடத்துக்கொரு தடவை மூடியைத் திறந்து கிண்டிக்கொண்டே இருந்தேன். வெந்ததா, வேகவில்லையா, தண்ணீர் போதுமா என்று கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அது ஒவ்வொரு நாளும் சுவருக்கு அடிக்கிற பசைபோல வந்து உட்கார்ந்தது.

மச்சான் நல்லவர். தட்டில் வைத்ததை நாலு வாய் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை என்பார். பிறகு காற்று வாங்கப் போகிறேன் என்று எதிரே இருக்கும் பேக்கரிக்குப் போவார். வாங்கின காற்றின் தூள் மீசையில் ஒட்டியிருக்கும். யாரும் தொடாமல் பானையில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆசை ஆசையாக அவள் வாங்கியதைக் கொட்ட மனம் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தத்தையும் நானே தின்று முடிப்பேன்.

இப்படியே போயிருந்தால் மச்சான் இந்நேரம் போன்தான் எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு மதியம் எல்லாவற்றையும் மாற்றியது.

அன்று தானியத்தைக் கழுவி, வடியவிட்டு, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்தேன். பானையில் போட்டு, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடி வைத்தேன். பக்கத்து அடுப்பில் வெங்காயம், பூண்டு, கேரட், பீன்ஸ் எல்லாம் வதங்கித் தயாராக இருந்தன. பானையின் சத்தம் அடங்கியது. கரண்டியோடு மூடியில் கைவைத்தேன், மணி அடித்தது.

மணி அடித்தால் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவன் கேஸை அணைத்துவிட்டு ஓட வேண்டும். எங்கள் சமையலறையில் இருக்கும் ஒரே சட்டம் அதுதான். அணைத்தேன், ஓடினேன்.

மூன்றாம் மாடியில் ஒரு சின்னப் பெண் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு எடுக்கத் தெரியாமல் அழுகிறாளாம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒல்லியும் மச்சானும் முன்னால் ஓடினார்கள். கம்பியை விரிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். இரண்டாம் மாடிக்கு மேலே, திருப்பத்தில், படிக்கட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. போ போ என்று கையை மட்டும் ஆட்டினார்.

மேலே கருவிக்கு வேலையே இல்லை. ஒல்லி குழந்தையின் அம்மாவிடம் சமையல் எண்ணெய் வாங்கி, அதன் காதோரம் தடவி, மெல்லத் திருப்பி எடுத்துவிட்டான். குழந்தை எங்களை வழியனுப்ப அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கீழே வந்தது. படியில் மச்சானைப் பார்த்தது.

"இந்த மாமாவுக்கும் தலை மாட்டிக்கிச்சா?" என்று கேட்டது.

எல்லோரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தார். வண்டியில் ஏறிய பிறகு சிரிக்கவில்லை. சத்தமாகப் பேசிக்கொண்டே வரும் மனுஷன், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடியும்வரை மேலே போய்ச் சேராதது அவருக்கு அதுதான் முதல் தடவை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

நிலையத்துக்கு வந்ததும் பானை ஞாபகம் வந்தது. இன்றைக்கும் பசைதான் என்று நினைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினேன். ஒன்றோடொன்று ஒட்டாமல், பூப்பூவாக மலர்ந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வால் சுருண்டிருந்தது. முள்கரண்டியால் கிளறினால் மணலைப்போல் உதிர்ந்தது. நான் அதைக் கிண்டாமல் விட்டது அன்றைக்குத்தான். மூடிக்குள் இருந்த சூடே அதைப் பதமாக்கியிருக்கிறது.

காய்களைச் சேர்த்து, மிளகுத்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஒல்லி குனிந்து பார்த்துவிட்டுப் புழு என்று தட்டைத் தள்ளினான். அது தானியத்தின் முளை என்று அவனுக்கு விளக்க என் மனைவியைப் போனில் கூப்பிட வேண்டியதாயிற்று. அவன் விளக்கம் கேட்டு முடிப்பதற்குள் மச்சான் தட்டைக் காலி செய்துவிட்டார்.

"இன்னைக்கு என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?"

"ஒண்ணுமே பண்ணல மச்சான். அதான்."

"இனிமேலும் அதையே பண்ணுங்க" என்றார். அன்று அவர் காற்று வாங்கப் போகவில்லை. கோபுரத்துப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் நடந்ததெல்லாம் கூத்துதான். மச்சான் காலையும் மாலையும் கோபுரத்தில் ஏறி இறங்கினார். சமைக்கும் நேரத்தில் சமையலறை வாசலில் காவலுக்கு நின்றார். என் கை மூடிப் பக்கம் போனால் போதும், "மூடியைத் திறக்காதீங்க, மாப்பிள்ளை" என்று பீரங்கி வெடிக்கும். வெளியே தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்குத் துளிர்விட்டுப்போனது. ஒருநாள் வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிப் போட்டு ஆறவைத்துக் கொடுத்தேன். ஒருநாள் முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்தேன். குடமிளகாயைக் குடைந்து அதற்குள் அடைத்து வேகவைத்தேன். பட்டாணியை மசித்து அதோடு பிசைந்து, தட்டையாகத் தட்டி, துளி எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டதற்குச் சண்டையே வந்தது. காலையில் பாலும் பேரீச்சம்பழமும் சேர்த்துக் கொடுத்தால் ஆபீசரே கிண்ணத்தோடு வந்து நின்றார். வீட்டு டப்பாக்கள் நின்றுபோயின.

சமைக்கிறவன் ருசி பார்க்க வேண்டும் அல்லவா. உப்புக்கு ஒரு கரண்டி, புளிப்புக்கு ஒரு கரண்டி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கரண்டி. பிறகு பந்தியில் உட்கார்ந்து எல்லோரோடும் ஒரு தட்டு. பானையில் ஒட்டியதை வழித்து ஒரு வாய். நல்ல சாப்பாடுதானே, உடம்புக்கு என்ன செய்யும். யூனிஃபார்ம் கால்சட்டைதான் துவைத்துத் துவைத்துச் சுருங்கிக்கொண்டே வந்தது. சலவை மிஷினை மாற்ற வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

தேர்வு நாள் வந்தது. மச்சான் சுருளைத் தோளில் ஏற்றினார். என்னால் பார்க்க முடியவில்லை. வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்ஸ் சத்தம் மேலே மேலே போனது. நடுவில் நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், நிற்கவில்லை. உச்சியிலிருந்து, "மாப்பிள்ளை, மேல வந்துட்டேன்" என்று ஒரு குரல். அந்தக் குரலைப் போனில் யார் தாங்கியிருப்பார்கள். எடை மிஷினிலும் முள் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றது. ஆபீசர் கைகுலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. மனைவிக்குப் போன் போட்டால் அவள் மறுமுனையில் மூக்கை உறிஞ்சினாள்.

"டிரைவர், நீங்களும் ஏறுங்க" என்றார் ஆபீசர்.

எனக்கும் தேர்வு உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. வாயெல்லாம் பல்லாகப் போய் மிஷினில் ஏறினேன். முள் கிளம்பியது, மச்சான் நின்ற இடத்தைத் தாண்டியது, எல்லையைத் தாண்டியது, அதற்கப்புறமும் கொஞ்சம் போய்த்தான் நின்றது. ஆபீசர் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடி என் வயிற்றைப் பார்த்தார். வண்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கவில்லை, ஆனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடை மிஷினில் ஏற வேண்டும் என்றார். ஒல்லி சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினான்.

நானும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேதான் போனேன். மத்தியானத்துக்கு வைத்த பானை அடுப்பில் அடங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"போய் உட்காருங்க மாப்பிள்ளை. இனிமே நான் சமைக்கிறேன்" என்றார் மச்சான். "உங்களை வண்டியிலிருந்து இறக்கிட்டா அப்புறம் என்னை யாரு தீப்பிடிச்ச இடத்துக்குக் கொண்டுபோய் விடுறது?"

உட்கார்ந்தேன். அவர் மூடியைத் திறந்து, கிளறி, என் தட்டில் அளவாக ஒரு கரண்டி வைத்தார். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினேன். அவர் மூடியைப் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.