மழைக்கு வரும் முகம்

ழனின் மூன்றாவது முறையாகவும் மெல்லிய பிரஷால் சுவரைத் துடைத்தாள். வெள்ளைப் பொடி உதிர்ந்து அவளுடைய கறுப்புப் பாவாடையில் விழுந்தது. அடியில் ஒரு புருவம் தெரிந்தது. மூக்கின் ஓரம் தெரிந்தது. கண்கள் இருந்த இடத்தில் மட்டும் பொடி பஞ்சுபோலப் பூத்து நின்றது. துடைக்கத் துடைக்க உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

அவளுடைய அப்பா லுசியென் கோபாலன் அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். மூன்று மணிக்கு அவருடைய பெட்டி இந்தச் சிற்றாலயத்துக்கு வரும். இந்தச் சுவருக்கு முன்னால்தான் வைப்பார்கள். அதற்குள் சுவரில் வரைந்திருக்கும் தங்கையின் முகத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று வந்திருந்தாள்.

சுவர் முழுவதும் அப்பாவின் ஓவியம். புயலில் ஆடும் படகு, அதில் பன்னிரண்டு பேர், நடுவில் கையை உயர்த்தி நிற்கும் இயேசு. முதலில் அதைக் காகிதத்தில் சின்னதாக வரைந்து, மேலே கட்டம் போட்டுக்கொண்டார். பிறகு நூலில் கரித்தூள் பூசி, சுவரில் இழுத்துப் பிடித்துத் தெறித்து, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டார். சின்னக் கட்டத்துக்குள் இருப்பதைப் பெரிய கட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டும், வேலை அவ்வளவுதான் என்பார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தது போக மிஞ்சிய நேரத்தில், வலமிருந்து இடமாக, ஆளுக்கு ஒரு மாதம் என்று அறுபத்தொன்றிலும் அறுபத்திரண்டிலும் வரைந்தார். படகில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த ரோஷ் புவா ஊர்க்காரர்கள். துடுப்பு போடுவது அடுத்த வீட்டுத் தச்சர் தெனி. பாய்மரத்தைக் கட்டிப் பிடித்திருப்பது அம்மாவின் தங்கை ஊகெட். கடைசியில், இடதுபுறம் கரையைத் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் ழனினின் தங்கை ரோஸ்-மே.

பதினோரு முகங்கள் நேற்றுப் போட்டவைபோல இருந்தன. ரோஸ்-மேயின் முகத்தை மட்டும் அப்பா நான்கு தடவை சுரண்டிவிட்டு ஐந்தாவது தடவை வரைந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதத்துக்குள் இந்த வெள்ளை பூத்தது. வண்ணத்தை மாற்றிப் பார்த்தார், எண்ணெயை மாற்றிப் பார்த்தார், கொஞ்ச நாள் பிரஷைக்கூட மாற்றிப் பார்த்தார்.

வெயில் நாளில் முகம் இருக்காது. மழை பிடித்ததும் வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து, ஒரு மணி நேரத்தில் ரோஸ்-மே ஈரக் கன்னங்களோடு திரும்பி வந்துவிடுவாள். மழை விட்டு இரண்டு நாள் காய்ந்தால் மறுபடி போய்விடுவாள். நான்கு வருஷத்துக்கு முன் அடித்த கரோல் புயலன்று இந்த ஆலயத்துக்குள் ஒதுங்கி நின்றபோது இதே சுவர் இடிந்து விழுந்து செத்தவள் அவள். அதனால் ஊர்ப் பெண்களுக்கு இதில் சந்தேகமே இல்லை. வெயிலுக்கு ஒளிந்துகொள்கிறாள், மழைக்கு வருகிறாள் என்றார்கள். மழை நாளில் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். அம்மா ஜினெட் எல்லாருக்கும் முன்னால் குடையோடு வந்துவிடுவாள். புயல் வீட்டையும் கொண்டுபோயிருந்தது. ரோஸ்-மேயின் புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பாதர் பத்ரிஸ் பின்னால் வந்து நின்றதை ழனின் கவனிக்கவில்லை. அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். அந்த ஓர் இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசிவிடப் போகிறார்கள்.

"மழை பேஞ்சா முப்பது பேரு பலிபீடத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு சுவத்துக்கு முழங்கால் போடுறாங்க, ழனின். நான் எத்தன நாள் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"அதுல மம்மாவும் ஒருத்தி, மோன் பெர்."

"தெரியும். லுசியென் இருக்கிற வரைக்கும் தொட வேணாம்னுதான் இருந்தேன்."

ழனின் பிரஷைக் காகிதத்தில் சுற்றினாள். விடிந்ததிலிருந்து அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசியிருந்தாள். அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்து, "இன்னிக்கு மழ வருமா?" என்று கேட்டாள்.

வீட்டில் அவளுடைய சித்தி, தந்தின் ஊகெட், எல்லா வேலைகளையும் கையில் எடுத்திருந்தாள். சாவு வீட்டில் கண்ணாடி திறந்திருக்கக் கூடாது. போன உயிர் அதில் தன்னைப் பார்த்துவிட்டால் போகாது. அதனால் அலமாரிக் கண்ணாடிக்குப் படுக்கை விரிப்பு போட்டிருந்தாள். சவரக் கண்ணாடியைக்கூட விடவில்லை. படங்களும் அறையைப் பார்க்கக் கூடாது என்பது அவளுடைய மாமியார் ஊரான ரிவியேர் தே ஸாங்கீயின் வழக்கம். சுவரில் இருந்த அப்பாவின் கித்தான் ஓவியங்கள் ஏழையும் விடியற்காலை அரையிருட்டிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி, முகத்தைச் சுவருக்குத் திருப்பி மாட்டினாள்.

பெட்டியைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தது. தச்சர் தெனி காப்பியை உறிஞ்சிவிட்டு, "அவன் படகுல ரெண்டு வருஷமாத் துடுப்பு போடுறேன், இன்னும் கரை வரல," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. காப்பித் தட்டோடு வந்த ஊகெட் அறை நடுவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தப் படத்த யாரு மறுபடி திருப்புனா?"

யாரும் திருப்பவில்லை. படுக்கையின் தலைமாட்டில் இருந்த துறைமுக ஓவியம் அது. பாரந்தூக்கிகளும் சர்க்கரை மூட்டைப் படகுகளும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அறையைப் பார்த்தது கித்தானின் வெறும் பின்பக்கம். அந்த வெறும் துணியில், தேநீர்க் கறை நிறத்தில், ஒரு பெண் முகம் இருந்தது. அது பெட்டியைப் பார்த்தது.

ஊகெட் சிலுவை போட்டுக்கொண்டாள். தெனி எழுந்து இரண்டடி தள்ளிப்போய் நின்றார். அம்மா மட்டும் பெட்டியின் ஓரத்திலிருந்து கிளம்பி, படத்தின் அருகே போனாள். மூக்கு துணியில் படும் அளவுக்குக் கிட்டப் போனாள். அந்தத் துறைமுகத்தின் கீழே அவள் நான்கு வருஷம் தூங்கியிருக்கிறாள்.

"மச்சம் எடப்பக்கம் இருக்கு," என்றாள். "எம் புள்ளைக்கு வலப்பக்கம்."

அவள் ஒரு விரலால் மச்சத்தைத் தொட்டாள்.

"கண்ணாடியில பாத்தா இப்படித்தான் இருப்பா."

ஊகெட் விரிப்பு மூடிய அலமாரியைப் பார்த்தாள்.

ழனின் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கித்தானை அப்பா எப்படித் தயார் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். முதலில் வச்சிரப் பசையைக் காய்ச்சித் துணியில் பூசுவார். பசை நூலின் துளைகளை அடைத்துவிடும். அதன்மேல் வண்ணம் பூசினால் ஆளிவிதை எண்ணெய் மேலேயே நிற்கும். பசை இல்லாத துணி எண்ணெயைக் குடித்துவிடும். குடித்த எண்ணெய் பின்பக்கம் ஊறி வந்து, வருஷம் போகப் போகப் பழுப்பாகும். புயலுக்கு அடுத்த வாரம் ரோஷ் புவாவில் ஒரு கடையும் திறக்கவில்லை. பசை எங்கே கிடைக்கும்? அந்த வாரம் அப்பா வெறும் துணியில் ரோஸ்-மேயை வரைந்திருக்கிறார். அம்மா அப்போது அவள் பெயரைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவாள். அதனால் மேலே துறைமுகத்தை வரைந்து மூடியிருக்கிறார். மேலே இருந்த வண்ணம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பின்பக்கத்தில் அவள் நான்கு வருஷமாக மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தாள்.

ழனின் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது விரல் உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது. கண்ணீர் இன்னும் விரலில் படவே இல்லை. காலையில் சுவரைத் துடைத்த விரல் அது.

அவள் வேலை செய்வது சீனர் கடையில். ஐந்து வருஷமாகக் கருவாடு நிறுத்துக் கொடுக்கிறாள். காய்ந்த நாளில் கருவாட்டின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். மழை நாளில் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கரைந்து, மீனின் தோல் பளபளவென்று தெரியும். இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். சுவரில் மட்டும் பார்க்கவில்லை.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோஸ்-மேயைப் புதைத்து ஒன்பதாம் நாள், இடிந்த இடத்தை அடைக்க அப்பாவே காரை குழைத்தார். ஆற்று மணல் வண்டி வரவில்லை. கடற்கரை மணலை வாளி வாளியாகத் தூக்கி வந்தவள் ழனின். கழுவத் தண்ணீர் இல்லை, குழாய்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. அப்படியே கலந்தார். இடிந்த இடம் அடைபட்டது. பிறகு படகின் கடைசி ஆளை, கட்டங்களை எண்ணி, சரியாக அந்த இடத்திலேயே உட்காரவைத்தார்.

கடைசி மூன்று நாளும் மூச்சு வாங்கிக்கொண்டே, "நான்தான் கலந்தேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்ணத்தைச் சொல்கிறார் என்று ழனின் நினைத்திருந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காரையை உடைத்து எடுத்துவிட்டு நல்ல மணலில் பூசியிருந்தால் போதும். அந்த இடத்தை மறுபடி உடைக்க அவருக்குக் கை வரவில்லை.

அவள் தெனியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், அந்தக் கித்தானை ஆலயச் சுவரில் மாட்ட நான்கு மரச்சட்டங்கள் வேண்டும் என்றாள். எவ்வளவு தடிமன் என்று கேட்டார். கடையில் அரிசி மூட்டைகளைக் கருவாட்டுப் பக்கத்துச் சுவரில் சாய்க்க மாட்டார்கள். சட்டம் அடித்துத் தள்ளித்தான் வைப்பார்கள். அந்தத் தடிமனைத் தன் கையில் காட்டினாள்.

இரண்டு மணிக்கு ஆலயத்தில் தெனி ஏணியில் நின்று ஆணி அடித்தார். பாதர் பத்ரிஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ழனின் கருவாட்டிலிருந்து ஆரம்பித்துக் காரை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப மழை நாள்ல வந்தது?"

"அவதான் மோன் பெர். உப்பு வெலகுச்சு, அவ்வளவுதான்."

"திங்கக்கெழம கொத்தனார வரவேணாங்கறேன்," என்றார்.

கித்தானைச் சுவரில் அந்த முகத்தை மூடி, பின்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினார்கள். சுவரில் இருந்த முகம் இடதுபுறம், கரையைப் பார்த்தது. இது வலதுபுறம், படகில் இருப்பவர்களைப் பார்த்தது.

பெட்டி வந்து இறங்கியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. ஜெபம் முடிவதற்குள் தகரக் கூரையில் மழை அறைந்தது. பெண்கள் வழக்கம்போலச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பழுப்பு முகம் மாறாமல் இருந்தது. அம்மா எழுந்து போய், ஓவியத்தின் ஓரத்தில் கன்னத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் இடுக்கின் வழியே உள்ளே பார்த்தாள். இருட்டில் சுவரில் இருந்தவளும் வந்துகொண்டிருந்தாள். வலக் கன்னம் ஈரத்தில் மினுங்கியது.

அம்மா ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து இடுக்கில் விட்டாள். இரண்டும் சரியாக உள்ளே போயின.

"இவ்வளவு போதுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றாள் ழனின். துணி சுவரைத் தொடக் கூடாது. நடுவில் இரண்டு விரல் இடம் விட்டால் காற்று போய்வரும், உப்பு சுவரோடு நின்றுவிடும்.