ஷூ டப்பாவில் வளர்ந்த அந்துப்பூச்சிகள்

அத்தையின் குறட்டை அறையையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. எழுப்பத் தைரியம் வராமல் மருமகள் கட்டிலோரமாக நின்றாள்.

"அத்தை... எந்திரிங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாரையாவது காதலிக்கிறியா? காலைல சொல்லு." போர்வை தலைக்கு மேல் போயிற்று.

"புழு, அத்தை."

அத்தை துள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் வெள்ளைப் பூச்செடிகள் இரண்டு இருந்தன. அவற்றின் இலையில்தான் அத்தையின் ஆராய்ச்சிக் குழு வலிப்பு நோய்க்கு ஒரு மருந்துச் சத்தைக் கண்டுபிடித்திருந்தது. காடெல்லாம் தேடியும் மூன்றாவது செடி கிடைக்கவில்லை. கிளையை வெட்டி நட்டால் வேர் விடுவதில்லை. தினமும் காலையில் தூரிகையால் மகரந்தம் தடவியும் பூக்கள் காய்க்காமல் உதிர்ந்தன. அதனால், இலையைக் கடிக்கும் புழுவைப் பார்த்த இடத்தில் நசுக்குவது அங்கே சட்டம். விடுமுறைக்கு வந்த மருமகளுக்கு அந்த வேலைதான் கொடுத்திருந்தார்கள்.

"நசுக்க மனசே வரல. கொழுகொழுன்னு இருந்துச்சு. ஷூ டப்பாவுல மண்ணு பரப்பி, அதுல போட்டு, தக்காளி இலை வச்சேன்."

"தின்னுச்சா?"

"நீங்கதானே சொன்னீங்க, அந்தச் செடியும் தக்காளியும் ஒரே குடும்பம், பங்காளிங்கன்னு? பங்காளி வீட்டுச் சாப்பாடு நல்லாவே ஒத்துக்குச்சு."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. மென்று விழுங்கினாள். "அப்புறம்?"

"மண்ணுக்குள்ள போய் கூடு கட்டுச்சு. இன்னைக்கு எல்லாம் அந்துப்பூச்சியா வெளிய வந்து, கண்ணாடி வீட்டுக்குள்ள பறந்துடுச்சு! முட்டை போடும், புழுவாகும், ரெண்டு செடியும் மொட்டையாயிடும். உங்க மருந்து என்னாலதான்..." அதற்கு மேல் அழுகை.

"ஒப்பாரியை அப்புறம் வச்சுக்கலாம். வலையை எடுடி!"

கண்ணாடி வீட்டுக் கதவைத் திறந்ததும் மணம் ஆளைத் தூக்கியது. பகலில் அந்தப் பூக்கள் இப்படி மணந்ததே இல்லை. அத்தை வலையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஒரு அந்துப்பூச்சி பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றது. சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டி, விரல் நீளப் பூக்குழலின் அடிவரை விட்டது. பிறகு தலையெல்லாம் மஞ்சள் பொடியோடு அடுத்த செடிக்குப் பறந்தது.

"அத்தை, பிடிங்க!"

"வாயை மூடுடி. அது வேலை பாக்குது." அத்தையின் குரல் கிசுகிசுத்தது. "இந்தப் பூ ராத்திரிதான் முழிச்சிருக்கும் போல. நாங்க விடிஞ்சப்புறம் தூரிகையைத் தூக்கிட்டு வந்திருக்கோம். அதுவும் கல்யாணத் தரகரைக் குழந்தையிலேயே நசுக்கிட்டு, பொண்ணுக்கு வரன் அமையலையேன்னு புலம்பியிருக்கோம்!"

"அப்போ... முட்டை போட்டா?"

"புழுவைத் தக்காளிக்கு மாத்துவோம். பந்தி பரிமாறத்தான் நீ இருக்கியே."

ஒரு வாரத்தில் பூக்கள் வாடின. ஆனால் காம்புகள் உதிரவில்லை. நுனியில் பட்டாணி அளவுக்குப் பச்சையாக, முள் முள்ளாக ஏதோ திரண்டிருந்தது. தொட்டுப் பார்த்த அத்தை, குழு மொத்தமும் பார்க்க மருமகளைத் தூக்கிச் சுற்றினாள்.

"இறக்கி விடுங்க, இடுப்பு பிடிச்சுக்கப்போகுது!"

"பிடிக்கட்டும்டி, காய் பிடிச்சிருச்சு!"