கூரைக்கடியில் இரண்டு விரல் இடைவெளி

நோரீன் வீட்டுப் பரண் அறையின் மஞ்சள் சுவரில் பூஞ்சை கறுப்புப் பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. கட்டட ஆய்வாளர் ஆல்ட்ராய்ட் அதைத் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பலகையைக் கழட்டுங்க. உள்ள பாக்காம நான் சரின்னு சொல்ல முடியாது," என்றார்.

ஜெயிலுக்குப் போன நோரீனின் தம்பியுடைய பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில், யார் யார் வீட்டிலோ இருக்கிறார்கள். இன்று மாலை கவுன்சிலின் குழந்தைகள் நல அதிகாரி பிலிப்பா அவர்களை நோரீனிடம் விட அழைத்து வருகிறாள். கீழே காலியாக இருப்பது ஒரு பின்னறைதான். அக்கா டாம்சினுக்குப் பதினொரு வயது, தம்பி ஜோனாவுக்கு ஐந்து; தனித்தனி அறை வேண்டும் என்பதில் பிலிப்பா கறார். நான் சோபாவில் படுத்துக்கொள்கிறேன் என்று நோரீன் சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை. பரண் அறை ஆய்வில் தேறினால் இரண்டு பேரும் இங்கே. தேறாவிட்டால் ஒருவர்.

பலகையைக் கழற்றினால், குளிர் தடுக்க அடைத்த கண்ணாடிப் பஞ்சு ஊறிப்போய்த் தொங்கியது. ஆல்ட்ராய்ட் உதட்டைப் பிதுக்கினார். "மத்த வீடெல்லாம் முடிச்சிட்டு ஒரு தடவை வரேன்," என்று இறங்கிப் போய்விட்டார்.

நோரீன் போன் போட்டதும், அந்த அறைக்கு மரச்சட்டம் அடித்த தச்சர் டிரெவர் கடப்பாரையோடு ஓடிவந்தார்.

"ஏன் தாயே, நான் விட்டுட்டுப் போன இடைவெளி எங்க?"

"பஞ்சு வெச்சு அடைச்சிட்டேன்."

"அடைச்சியா!"

"காத்து வந்துச்சு டிரெவர். ஜோனாவுக்கு இழுப்பு. அவன் குளிர்ல படுப்பானேன்னு..."

"அந்தக் காத்து அறைக்கு இல்லம்மா, கூரைக்கு. வீட்டு ஈரமெல்லாம் மேல ஏறி ஓட்டுக்கடியில தண்ணியாவும். அதைக் காய வெக்கத்தான் ரெண்டு விரல் விட்டேன். நீ வேலை பாக்குற பள்ளிக்கூட சமையல்கட்டுல ஆவி போறதுக்கு ஜன்னல் திறக்க மாட்டியா?"

நோரீன் திறப்பாள்தான். தினமும் திறக்கிறாள். ஆசை மட்டும் இருந்து அறிவு இல்லாமல் போனால் இப்படித்தான். ஆய்வாளர் பார்ப்பதற்கு முன்பே பலகை அடித்து மஞ்சள் பூசிய அவசரத்துக்கு அவளைச் செருப்பால் அடிக்கலாம், அவளே தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

சுவர்ப் பலகை முழுக்கப் பிரித்தார்கள். பஞ்சின் தூசு கழுத்திலும் கையிலும் ஏறி அரித்துத் தள்ளியது. தேநீர் ஆறிப் போனது. வெளியே மழை, இந்தப் பள்ளத்தாக்குக்கு வேறென்ன தெரியும். கடைசிப் பஞ்சை உருவியதும் கூரை ஓரத்திலிருந்து சில்லென்று காற்று புகுந்தது. நோரீன் அழுதுகொண்டே சிரித்தாள்.

இருட்டத் தொடங்கியபோது ஆல்ட்ராய்ட் திரும்பி வந்தார். கூரை ஓரத்து இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இப்ப சரி. மரம் காயட்டும். காஞ்சப்புறம் பலகை அடிங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?"

அவர் சொல்வதற்குள் படியில் காலடிச் சத்தம். பிலிப்பா வந்து நின்றாள், பின்னால் பிள்ளைகள். பிரித்துப் போட்ட பலகை, ஈரப் பஞ்சு மூட்டை, எலும்பெல்லாம் தெரியும் கூரை. ஜோனா இருமினான்.

"நோரீன், இதை நான் அறைன்னு எப்படிச் சொல்றது? என்னை மன்னிச்சிடுங்க. இன்னிக்கு ஒருத்தரைத்தான் விட்டுட்டுப் போக முடியும்."

"ஒரே ஒரு வாரம் குடுங்க, கால்ல வேணா விழறேன். பிரிக்காதீங்க."

"பிரிக்கணும்னு எனக்கு ஆசையா?"

டாம்சின் தம்பியின் பையைத் தோளிலிருந்து இறக்கி அத்தையின் காலடியில் வைத்தாள். தன் பையை இறக்கவில்லை.

"இவன் இருக்கட்டும். எனக்கு இருமல் இல்ல."

பிறகு கூரை ஓரத்துக்குப் போய் அந்த இடைவெளியில் கையை நீட்டினாள்.

"காத்து நல்லாத்தான் வருது அத்தை. சீக்கிரம் காஞ்சிடும் இல்ல?"